ஐம்பது ரூபாய் விண்ணப்பமும் ஐந்து லட்ச ரூபாய்க் கடனும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் நாளிதழ்களைப் புரட்டும் எவருக்கும் ஓர் ஐயம் எழ வேண்டும்: தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறதா? முதல் பக்கம் முழுவதும் ஒரு தனியார் பல்கலைக்கழகம். மூன்றாம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. நடுப்பக்கத்தில் 'எங்கே படிக்கலாம், என்ன படிக்கலாம்' என்று வல்லுநர் ஒருவர் எழுதும் வழிகாட்டிக் கட்டுரை. அதன் கீழேயே அவ்வல்லுநர் பேசவிருக்கும் கல்விக் கண்காட்சியின் அறிவிப்பு. அக்கண்காட்சியை வழங்குவோர் பட்டியலில் முதல் பக்கத்து நிறுவனமும் மூன்றாம் பக்கத்து நிறுவனமும். மாப்பிள்ளை வீட்டாரிடம் பணம் வாங்கிக்கொண்டவரே பெண் வீட்டாருக்கு யோசனை சொல்ல வருவது நம் ஊர்களில் புதிதன்று. ஆனால் அவரை நாம் தரகர் என்றே அழைத்தோம். கல்வியாளர் என்று அழைக்கவில்லை.

கவிதையும் நாவலும் பேசும் இடத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கும்பகோணத்தை நினைவூட்ட விரும்புகிறோம். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே அரசுக் கல்லூரித் தமிழாசிரியர். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியரின் மாலை நேரங்களிலிருந்தும் விடுமுறைகளிலிருந்தும்தான். ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்ற சில மாதங்களில், 1904-இல், அதே கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் இராமானுஜன். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் தேர்வில் தவறினார், உதவித்தொகை போயிற்று, அத்தோடு கல்லூரியும் போயிற்று. (இருவரும் ஒரே ஊரில் இருந்தும் அந்தக் கல்லூரி வாயிலில் ஒருவரையொருவர் தவறவிட்டது வரலாற்றின் விளையாட்டு.) ஒரு கல்லூரியால் என்ன செய்ய முடியும், ஓர் உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்ற இரண்டுக்கும் ஒரே கட்டடம் சான்றாக நிற்கிறது. இன்று நம் சிற்றிதழ்களில் எழுதுவோரில் பலர், வாசிப்போரில் இன்னும் பலர், இத்தகைய கல்லூரிகளின் விளைச்சல். ஆகவே இது நமக்குப் புறம்பான பொருளன்று.

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில், நல்ல வாசகரும் நல்ல மனிதருமான நண்பர் ஒருவர் ஒரு வாக்கியம் சொன்னார்: "அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ப்பதும் ஒன்று, பையனை வீட்டில் வைத்திருப்பதும் ஒன்று." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இருவர் கலைக் கல்லூரியில் படித்து அரசுப் பணியில் இருப்பவர்கள் என்பது நமக்குத் தெரியும். இந்தச் சிரிப்பின் மீதுதான் நமக்குச் சினம். இந்தச் சிரிப்பு தேநீர்க் கோப்பையோடு முடிவதில்லை. அது அலுவலகத்தில் உதவியாளரிடம், வீட்டில் வேலை செய்யும் அம்மாளிடம், ஊரில் உறவுக்காரரிடம் அறிவுரையாக இறங்குகிறது. "எப்பாடு பட்டாவது இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடு" என்று அது சொல்கிறது. அந்த 'எப்பாடு' என்னவென்று சொல்பவர் ஒருபோதும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

முதலில் எளிய வழியின் கணக்கு. தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. முதலாண்டு இளநிலை இடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2020-இல் இணையவழிச் சேர்க்கை வந்தபோது விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய் என்று வைத்தார்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். அந்த ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். சேர்ந்தபின் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பிற கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டுவது அரிது. பேருந்துக்குச் சலுகை அட்டை உண்டு. தொலைவிலிருந்து வருபவனுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியோ ஆதிதிராவிடர் நல விடுதியோ உண்டு. அங்கே உறைவிடமும் உணவும் இலவசம். (உணவின் தரம் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்; எழுதுவோம்.) அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கு அதே தொகை 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. மூன்றாண்டுப் படிப்பின் முடிவில் அந்தக் குடும்பத்தின் மீது ஒரு ரூபாய்க் கடன் இல்லை.

அந்தப் பட்டத்தைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வி. குடிமைப் பணித் தேர்வு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதி, இரண்டாம் தொகுதிப் பணிகள், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர், அதிகாரி தேர்வுகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றுதான் கேட்கின்றன. ஐந்து லட்சம் செலவிட்டு வாங்கிய பட்டமும் ஐந்தாயிரம் செலவில் வாங்கிய பட்டமும் அந்த விண்ணப்பப் படிவத்தின் முன் சமம். பொறியியல் பட்டம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இத்தேர்வுகளை எழுதுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்கள் எழுதக் கூடாது என்பதன்று நம் வாதம். அதே தேர்வறைக்கு வந்து சேர்வதற்கு ஏன் நான்காண்டும் கடனும் சுற்றுவழியும் என்பதே கேள்வி.

இனி 'எப்பாட்டின்' கணக்கு. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாயில் திறக்கப்பட்டது. 2010-களின் தொடக்கத்தில் அவை 500-ஐத் தாண்டின. பிறகு மாணவரின்றிப் பல மூடப்பட்டன. எஞ்சியவற்றில் நல்லவை உண்டு, அவற்றைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு நல்ல கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பத்து மோசமான கல்லூரிகள் இடம் விற்கின்றன. கட்டண நிர்ணயக் குழு 2017-இல் கலந்தாய்வு வழி இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு 85,000 முதல் 87,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. வரம்பு கட்டணத்துக்குத்தான், கல்லூரிப் பேருந்துக்கு, விடுதிக்கு, சீருடைக்கு, 'வேலைவாய்ப்புப் பயிற்சி'க்கு, ஆய்வக முன்பணத்துக்கு எவரும் வரம்பு கட்டவில்லை. வகுப்பறையில் வைக்க முடியாத லாபத்தைப் பேருந்தில் வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நம் கல்வித் தந்தையர்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிராமத்துப் பெற்றோருக்குத் தெரியாததும் தரகருக்கு நன்றாகத் தெரிந்ததும் இதுதான். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு இட ஒதுக்கீடு, அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் ஏற்பாடு ஆகிய எல்லாம் கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த நொடியில் இவை அனைத்தும் கைநழுவிப் போகின்றன. அந்த நொடியைக் கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே வரவழைப்பதற்காகத்தான் ஏப்ரல் மாதத்திலேயே ஊருக்குள் மகிழுந்துகள் வருகின்றன. "இப்பவே ஐயாயிரம் கட்டினால் இடம் உறுதி, அப்புறம் கிடைக்காது" என்ற வாக்கியத்தைக் கேட்காத ஊராட்சி காவிரிப் படுகையில் இன்று உண்டா என்பது ஐயமே. இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஒரு துறையில், 'அப்புறம் கிடைக்காது' என்பதைப் போன்ற பச்சைப் பொய் வேறு இல்லை.

பணத்துக்கு வழி? வங்கிக் கடன். நான்கு லட்ச ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும் என்பதால் பலருடைய கடன் அந்த எண்ணில் வந்து நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். படிப்பு நான்காண்டு, அதன்பின் ஓராண்டு அவகாசம். அந்த ஐந்தாண்டு முடிவில் தனிவட்டி மட்டுமே 1,40,000 ரூபாய் ஆகிவிடும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000. அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 7,100 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சம். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அவகாசக் காலத்து வட்டியை ஏற்கும் மத்திய அரசின் திட்டம் 2009-இல் வந்தது. அது கிடைத்தாலும் தவணை 5,200 ரூபாய்க்குக் குறையாது. பெயரளவிலான ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞன், சென்னைக்கோ ஓசூருக்கோ போய் ஒப்பந்த வேலையில் சேர்ந்து, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக இந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பான்? எடுக்க முடியாதபோது என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். பொதுத்துறை வங்கியொன்று வாராக் கல்விக் கடன்களைத் தனியார் சொத்து மீட்பு நிறுவனத்தின் கையில் கொடுத்ததும், மதுரையில் அப்படிக் கடன்பட்ட பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் 2016-இல் செய்தியாக வந்தன. சில நாள் பேசினோம். அடுத்த மே மாதம் அதே முதல் பக்கங்களில் அதே விளம்பரங்கள்.

செய்தித்தாளுக்கு வராதவற்றை நாம் துறை அறையிலிருந்தபடி ஆண்டுதோறும் பார்க்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், சேர்க்கை முடியும் தறுவாயில், ஒரு தாயும் மகளும் வந்தனர். தாய் நடவுக்கும் களைக்கும் போகிறவர். மகளுக்கு வேதியியலோ தாவரவியலோ படிக்க ஆசை, மதிப்பெண்ணும் இருந்தது, இடமும் இருந்தது. சான்றிதழ் மட்டும் இல்லை.

"ஐயா, மே மாசமே ஒரு காலேஜுல பத்தாயிரம் கட்டிட்டோம். சர்டிபிகேட்டெல்லாம் அங்கதான் இருக்கு. திருப்பிக் கேட்டா நாலு வருஷப் பணத்தையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்கங்குறாங்க."

"எழுத்துல குடுத்தாங்களாம்மா?"

"எழுத்தா? அவுங்க கார்லயே கூட்டிட்டுப் போயி, கார்லயே கொண்டாந்து விட்டாங்கய்யா. ரசீதுகூட குடுக்கல."

அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனமும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவனுக்குக் குறித்த காலத்துக்குள் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டுள்ளது. அறிவிக்கையின் படியை எடுத்துக் கொடுத்து, மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கச் செய்தோம். சான்றிதழ் வந்தது; பத்தாயிரம் வரவில்லை. வந்தபோது நம் கல்லூரியில் அறிவியல் இடங்கள் நிறைந்துவிட்டன. அந்தப் பெண் வரலாறு சேர்ந்தார். படித்து முடித்தார். வரலாறு தாழ்ந்த பாடம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தான் விரும்பிய பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பதினேழு வயதில் ஒருத்தியிடமிருந்து ஒரு மகிழுந்து கொண்டுபோய்விட்டது என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் கருத்துக்கு எதிராக எழும் வாதங்களில் ஒன்றே ஒன்றுதான் மதிக்கத்தக்கது. 'உங்கள் பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் போகலாம். கூலிக்காரரின் பிள்ளை மட்டும் பி.ஏ. படித்து நிறைவு கொள்ள வேண்டுமா? தொழிற்கல்வியில் முதல் தலைமுறை நுழைந்ததே இப்போதுதான். அதற்குள் வாயிலை மூடப் பார்க்கிறீர்களா?' இதைக் கேட்பவர்களின் சினம் நியாயமானது. நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டமியற்றி நீக்கியபோது மேட்டுக்குடியினர் எழுப்பிய கூச்சல் நமக்கு நினைவிருக்கிறது. ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்கும் மதிப்பெண் உள்ள ஏழை மாணவன் எந்தத் தயக்கமும் இன்றிப் பொறியியல் படிக்க வேண்டும், அரசுப் பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழக வளாகக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி என்று வரிசையாகக் கேட்க வேண்டும், 7.5 விழுக்காடு இருப்பதே அதற்குத்தான். நாம் எதிர்ப்பது பொறியியலை அன்று. ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாத ஓரிடத்தில், எல்லாச் சலுகைகளையும் இழந்து, கடன் வாங்கி, 'இன்ஜினியர்' என்ற ஒரு சொல்லை மட்டும் விலைக்கு வாங்குவதை எதிர்க்கிறோம். அந்தச் சொல்லை விற்பவர்கள் சமூகநீதியின் மொழியில் பேசத் தொடங்கியிருப்பதுதான் இதில் வேதனையான வேடிக்கை. ஏழையின் கனவை மதிக்கிறோம் என்கிறார்கள். கனவுக்கு அவர்கள் வைத்திருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பொறியியல்தான் வேண்டும், கலந்தாய்வில் நல்ல இடமும் கிடைக்காது என்ற நிலையில் உள்ளவனுக்கும் கடனில்லாத பாதை ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கண்காட்சி வல்லுநர்கள் வாய் திறப்பதில்லை. அதில் தரகுக்கு இடமில்லை. அரசுப் பல்தொழில்நுட்பக் கல்லூரி. பன்னிரண்டாம் வகுப்பில் உரிய பாடங்கள் படித்தவன் அங்கே நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டணம் சில ஆயிரம். இரண்டாண்டில் பட்டயம். பட்டயத்தோடு மீண்டும் கலந்தாய்வு வழியே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அல்லது வேலைக்குப் போய்ச் சில ஆண்டு சம்பாதித்துவிட்டு வந்து சேரலாம். ஓராண்டு கூடுதலாகும், உண்மை. ஆனால் கையில் முதலில் ஒரு தொழில் இருக்கும். சந்திரயான் 3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பட்டயப் படிப்பில் தொடங்கி, பிறகு பொறியியல் பட்டம், அதன்பின் திருச்சி, சென்னை என்று மேற்படிப்புக்குச் சென்றவர். 2023 ஆகஸ்டில் அவர் படத்தைப் போடாத இதழ் இல்லை. அவர் நடந்த வழியைப் பட்டயப் படிப்பின் விளம்பரமாகப் போட்ட இதழை நாம் பார்க்கவில்லை. மேதைகளை முன்மாதிரி காட்டுவதில் நமக்கு நம்பிக்கை குறைவு. மேதை எந்த வழியிலும் போய்ச் சேர்வார். சாதாரண மாணவனுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் இதைக் குறிப்பிட்டோம்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளைப் பற்றி ஒரு சொல். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே பட்டம். ஆனால் உதவிபெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்குப் பல மடங்கு. 'அந்தக் காலேஜில் இடம் கிடைச்சிருச்சு' என்று மகிழும் பெற்றோர் எந்தப் பிரிவில் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும், சேர்க்கைக் கடிதத்தில் பார்க்கவும் வேண்டும். தொலைநிலைக் கல்வியை வேலைக்குப் போகிறவர்களுக்கான துணைவழியாக மட்டுமே நாம் பரிந்துரைப்போம். பதினேழு வயதில் வகுப்பறையும் சக மாணவரும் நூலகமும் வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை கணக்கே வேறு. ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவில் கல்லூரி இருந்தால் படிப்பு, இல்லையென்றால் திருமணம். இது நம் மாவட்டங்களில் இன்றும் எழுதப்படாத விதி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தை 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். தாலிக்குத் தங்கம் என்று இருந்தது மாதந்தோறும் படிப்புக்குப் பணம் என்றாயிற்று. 'தாசிகள் மோசவலை'யை 1936-இல் எழுதிய அந்த அம்மையாரின் பெயருக்கு இப்போதுதான் பொருத்தம் வந்திருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் அது மாணவியின் வங்கிக் கணக்கில் நேரே வருகிறது. 'உன் படிப்புக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும்' என்று அண்ணன் கேட்கும் வீட்டில் அந்த ஆயிரத்துக்கு இருக்கும் வலிமையை, அதை 'இலவசம்' என்று ஏளனம் செய்யும் நண்பர்கள் ஒருநாள் மகளிர் கல்லூரி வாயிலில் நின்று கேட்டறியலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அரசைப் பாராட்டி முடித்துவிடப் போகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். மாதம் ஆயிரம் கொடுத்து மாணவரை வகுப்பறைக்கு அழைத்துவிட்டு, அவ்வகுப்பறைக்கு ஆசிரியரை அனுப்பாமல் இருப்பதற்கு என்ன பெயர்? அரசு கலைக் கல்லூரிகளின் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் இருக்கும் கௌரவம் ஊதியத்தில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வருகைதரு ஆசிரியர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வகுத்தது; நம் மாநிலத்தில் அதன் பின்னரும் நெடுநாள் அதில் பாதிகூட எட்டவில்லை. முனைவர் பட்டம் பெற்று, நெட் தேறி, பத்து, பதினைந்து ஆண்டுகளாக அதே மேசையில் அமர்ந்து, மே மாதம் ஊதியமின்றி இருப்பவர்கள் நம் துறையிலேயே உண்டு. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது; அவ்வாண்டு ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. புதிய கல்லூரி என்று அறிவிப்பார்கள். பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியில் வகுப்பு தொடங்கும். கட்டடம் வர ஆண்டுகள் ஆகும். நூலகம் அதன் பிறகு. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 விழுக்காடு, இந்தியச் சராசரி 28.4 என்று மேடைதோறும் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அந்த எண் கல்லூரிக்குள் வந்த தலைகளை எண்ணுகிறது. உள்ளே ஆசிரியர் இருந்தாரா, வெளியே வரும்போது தலையில் கடன் இருந்ததா என்பதை எண்ணுவதில்லை.

அரசுக் கல்லூரி தாழ்ந்துவிட்டதால்தான் மக்கள் தனியாருக்குப் போகிறார்கள் என்று இதையே எதிர்வாதமாகத் திருப்புவார்கள். பாதி உண்மை. கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் வெளியேறியபின், உள்ளே இருப்பவர்களுக்காகக் கேட்க யாரும் இல்லாமற்போனதும் அந்தத் தாழ்வுக்கு ஒரு காரணம். கழிவறையில் தண்ணீர் இல்லை என்று வட்டாட்சியரின் மகள் சொன்னால் மறுநாள் குழாய் வரும். களையெடுக்கும் பெண்ணின் மகள் சொன்னால் 'அனுசரித்துக்கொள்' என்று பதில் வரும். நம் கல்லூரி ஆசிரியர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் நம் கல்லூரியிலேயே படிக்கிறார்கள்? இக்கேள்வியை ஆசிரியர் கூட்டத்தில் எழுப்பினால் விழும் மௌனம் நமக்குப் பழகிப்போன ஒன்று. கல்லூரியின் மாத ஊதியத்தில் வீடு கட்டிக்கொண்டு, அதே கல்லூரியைப் 'பசங்க சரியில்லை' என்று தள்ளிப் பேசும் நம்மவர்களை விடவும் தரகர் மேல்; அவர் விற்பதைப் புகழவாவது செய்கிறார்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று. சிற்றூரின் வறுமையை எழுதிய நாவலுக்கு விருது கிடைத்தால் விழா எடுக்கிறோம். அந்த நாவலின் நாயகனுக்கு ஒரு மகன் இருந்தால் அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பான். அவனிடம் நாம் சொல்வது 'அங்கே சேர்வதும் ஒன்று, வீட்டில் இருப்பதும் ஒன்று' என்பதுதான் என்றால், அந்த நாவலிலிருந்து நாம் என்ன வாசித்தோம்? பெருமாள்முருகன் தன் பணிக்காலமெல்லாம் அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். அவர் நூல்களை அலமாரியில் வைத்துக்கொண்டு அவர் நின்ற வகுப்பறையை ஏளனம் செய்வது நமக்கு எப்படி இயல்கிறது?

நம் வாசகர்களிடம் நாம் கேட்பது நன்கொடை அன்று. ஏப்ரலில் ஒரு காலையும் மே மாதத்தில் ஒரு காலையும். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோடு ஒரு மணி நேரம் அமருங்கள். கலந்தாய்வு முடியும்வரை எவரிடமும் முன்பணமோ அசல் சான்றிதழோ கொடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள். கலைக் கல்லூரி விண்ணப்பத்தையும் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் இரண்டையுமே போடச் சொல்லுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. கைப்பேசியில் விண்ணப்பித்துத் தவறு செய்வதைவிடப் பள்ளியிலோ அருகிலுள்ள அரசுக் கல்லூரியின் உதவி மையத்திலோ நிரப்பச் சொல்லுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் பெரும்பாலோரிடம் இருக்கும். முதல் பட்டதாரிச் சான்று பலரிடம் இராது. அதை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து பெற வேண்டும். மே மாதக் கூட்டத்தில் நாள்கள் இழுக்கும். ஏப்ரல் காலையை அதற்காகத்தான் கேட்டோம்.